கசெற் விளையாட்டும் வன்னியின் பன்னிரண்டு ஆண்டுகளும்

வீடியோ கேம் கசெற்றுக்குள் நாடா இல்லை. பாட்டுக் கசெற்றைப்போல உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் கூடாக இருந்ததாலும், கருவியின் வாயில் செருகி எடுக்கப்பட்டதாலும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜப்பானியரும் அதைக் கசெற் என்றுதான் சொன்னார்கள். கூட்டைத் திறந்தால் ஒரு சிறிய சுற்றுப்பலகையும், தொழிற்சாலையிலேயே விளையாட்டு பதிக்கப்பட்ட ஓரிரு சிப்புகளும், பலகையின் விளிம்பில் வரிசையாகச் செப்பு முனைகளும் இருக்கும். அந்த முனைகள் கருவியோடு சரியாக ஒட்டினால் விளையாட்டு ஓடும். இடையில் தூசியோ களிம்போ புகுந்தால் ஓடாது. உலகம் முழுவதும் பிள்ளைகள் கசெற்றின் வாயில் ஊதிவிட்டுச் செருகினார்கள். ஊதியதால் பயன் வந்ததோ இல்லையோ, எச்சில் ஈரம் செப்பை அரித்தது மட்டும் உண்மை.

ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் ஃபேமிகொம் என்ற கருவியை 1983 ஜூலையில் விற்பனைக்கு விட்டது. கையடக்கமான கேம் பாய் 1989இல் வந்தது. இரண்டின் உற்பத்தியும் 2003இல் நின்றது. அதற்கு முன்பே, 1994 டிசம்பரில் வந்த பிளேஸ்டேசன் விளையாட்டை இறுவட்டுக்கு மாற்றத் தொடங்கியிருந்தது. வணிகப் பொருளாகக் கசெற் முழுவீச்சில் வாழ்ந்த காலத்தை எண்பதுகளின் நடுவிலிருந்து இரண்டாயிரத்தின் தொடக்கம் வரை என்று வரையலாம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா வடக்கு ஆகியவற்றை உள்ளடக்கிய வன்னிப் பெருநிலம் வெளியுலகச் சரக்குகளுக்கு மூடிக் கிடந்த காலமும் பெரும்பாலும் அதுவேதான். கசெற் சேகரிப்பின் வரலாற்றை வன்னியிலிருந்து பார்ப்பவர் முதலில் பதிய வேண்டியது இந்தப் பொருத்தத்தை.

கசெற்றுகளில் அதிகம் அறியப்பட்ட புதிர் விளையாட்டு டெட்ரிஸ். மொஸ்கோவில் சோவியத் அறிவியல் அக்கடமியின் கணினி மையத்தில் வேலைபார்த்த அலெக்சி பஜித்நோவ் 1984இல் அதை உருவாக்கினார். அவரிடம் இருந்த எலெக்ட்ரோனிக்கா 60 என்ற கணினியால் படம் வரைய முடியாது. அதனால் அடைப்புக்குறிகளை அடுக்கியே கட்டைகளைக் காட்டினார். நான்கு சதுரங்களை ஒட்டினால் கிடைக்கும் ஏழு வடிவங்கள் மேலிருந்து இறங்கும். அவற்றைத் திருப்பி இடைவெளியில்லாமல் அடுக்கினால் வரிசை நிறைந்து மறையும். கதை இல்லை, எழுத்து இல்லை, மொழியும் தேவையில்லை. கேம் பாய் பதிப்பு முழுவதும் 32 கிலோபைட்டுக்குள் அடங்கியது. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் அதைவிட நூறு மடங்குக்கும் மேல் பெரிது.

இந்த எளிய விளையாட்டின் உரிமை யாருடையது என்பதில் எழுந்த வழக்குத்தான் பிற்காலத்தில் கசெற்றுகளின் விலையைப் பிரித்தது. சோவியத் அரசின் மென்பொருள் ஏற்றுமதி அமைப்பான எலோர்க், ரொபர்ட் ஸ்டைன் என்ற இடைத்தரகருக்குக் கணினிப் பதிப்பு உரிமையைக் கொடுத்திருந்தது. அது கைமாறிக் கைமாறி அற்றாரி கேம்ஸ் நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தது. அந்த நிறுவனம் டென்ஜென் என்ற பெயரில் 1989 மே மாதம் நின்டெண்டோ கருவிக்கான டெட்ரிஸ் கசெற்றை வெளியிட்டது. இதற்கிடையில் விளையாட்டு வெளியீட்டாளரான ஹென்க் றொஜர்ஸ் மொஸ்கோவுக்கு நேரில் போய்ப் பேசியதன் பலனாக, வீட்டு விளையாட்டுக் கருவிகளுக்கான உரிமையை எலோர்க் நின்டெண்டோவுக்கு எழுதிக்கொடுத்திருந்தது. 'கணினி' என்றால் திரையும் விசைப்பலகையும் வட்டு இயக்கியும் கொண்ட பொறி என்று ஸ்டைனுடனான ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கப்பட்டது. வழக்கின் போக்கைத் தீர்மானித்தது அந்த வரிதான். ஜூன் மாதம் கலிபோர்னியாவில் நீதிபதி ஃபேர்ன் ஸ்மித் விற்பனைக்குத் தடை விதித்தார். ஏறத்தாழ ஒரு இலட்சம் டென்ஜென் கசெற்றுகள் அதற்குள் விற்றுப்போயிருந்தன. விற்காத இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டவை கடைகளிலிருந்து மீட்கப்பட்டன. சேகா நிறுவனம் தன் மெகா டிரைவ் கருவிக்குத் தயாரித்த டெட்ரிசும் இதே சிக்கலில் நின்றுபோனது. அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய பிரதிகளே வெளியே வந்தன.

ஆக ஒரே விளையாட்டுக்கு மூன்று விதமான கசெற் உண்டு. நின்டெண்டோவின் கேம் பாய் டெட்ரிஸ் ஏறத்தாழ மூன்றரைக் கோடி விற்றது. கருவியோடு சேர்த்தே கொடுக்கப்பட்டதால் எந்தப் பழைய சாமான் கடையிலும் அகப்படும். பெட்டியில்லாத ஒன்று வெளிநாட்டுச் சந்தையில் பத்து, பதினைந்து டொலருக்குக் கிடைக்கும். டென்ஜென் கசெற் அதைவிடப் பல மடங்கு விலை போகும். சேகா பிரதியோ சந்தைக்கே வருவதில்லை என்று சொல்லலாம். இம்மூன்றுக்கும் மேலாக 1990ஆம் ஆண்டு நின்டெண்டோ உலகப் போட்டிக்காகச் செய்யப்பட்ட கசெற் ஒன்று இருக்கிறது. ஆறு நிமிடம் 21 விநாடிக்குள் மூன்று விளையாட்டுகளை ஆட வேண்டும். மூன்றாவதாக வரும் டெட்ரிசில் எடுத்த புள்ளி 25ஆல் பெருக்கப்பட்டது. போட்டியை வென்றவர்கள் டெட்ரிசில்தான் வென்றார்கள் என்றே சொல்லலாம். சாம்பல் நிறத்தில் 90, தங்க நிறத்தில் 26, மொத்தம் 116 கசெற்றுகளே உருவாயின. விளையாட்டு எத்தனை நல்லது என்பது விலையைத் தீர்மானிப்பதில்லை. மூன்றரைக் கோடிப் பேர் வைத்திருந்த கசெற்தான் நன்றாக விளையாடக்கூடியது. அதன் விலைதான் எல்லாவற்றிலும் குறைவு.

மேற்குலகில் இந்த விளையாட்டு பெருமளவில் விற்றுக்கொண்டிருந்த 1990 ஜூனில் இலங்கையின் வடக்கில் போர் மீண்டும் மூண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளுக்குப் போகும் பொருட்களுக்கு அரசு தடைப்பட்டியல் போட்டது. எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு பற்றரியும் அதில் இருந்தது. மின்சாரம் நின்றது. அதே ஆண்டு ஜூலையில் கொக்காவில் முகாம் வீழ்ந்தபோது அங்கிருந்த ரூபவாஹினி ஒளிபரப்புக் கோபுரமும் செயலிழந்தது. 1995 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, கிளாலிக் கடனீரேரியைக் கடந்து பெருந்தொகையானோர் வன்னிக்கு வந்து சேர்ந்தனர். தடையும் அவர்களோடு வன்னிக்குள் நிலைத்தது. 2002 ஜனவரியில்தான் பெரும்பாலான பொருட்களுக்கு அது நீங்கியது.

கேம் பாய்க்கு நான்கு சிறு பற்றரி வேண்டும். அவை ஏறத்தாழ 15 மணித்தியாலம் தாங்கும். கருவியின் திரைக்குத் தன் ஒளி கிடையாது. பகல் வெளிச்சத்திலோ விளக்கடியிலோ பிடித்துத்தான் பார்க்க வேண்டும். வன்னியில் விளக்கு என்பது அந்நாட்களில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயும் இட்டு, மூடியில் துளையிட்டுத் திரியை மேலே இழுத்துவிட்ட சிறு சுடர். மண்ணெண்ணெய் விற்ற விலையில் அதுவும் பிள்ளைகளின் படிப்புக்கே போதாது. அந்தச் சுடரில் பச்சைச் சாம்பல் நிறத் திரையொன்றை உற்றுப் பார்த்துக் கட்டை அடுக்குவது நடக்கிற காரியமில்லை.

சைக்கிள் டைனமோ ஏன் கைகொடுக்கவில்லை என்ற கேள்வி எழும். தடைக்காலத்தில் வடக்கில் வானொலி கேட்ட முறை அதுதான். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, சக்கரத்தை உரசும் டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் பி.பி.சி. தமிழோசையைச் சுற்றியிருந்தவர்கள் கேட்டார்கள். டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். கேம் பாயின் நான்கு பற்றரிகள் தருவதும் 6 வோல்ட்தான். கணக்கில் பொருத்தம் அச்சொட்டாக இருக்கிறது. ஆனால் டைனமோவின் அழுத்தம் சுற்றும் வேகத்தோடு ஏறி இறங்கும். வானொலி அதைப் பொறுக்கும்: சுற்றுகிறவர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரல் மங்கும், திரும்பச் சுற்றினால் தெளியும், ஒரு சொல் போனாலும் அடுத்த சொல்லில் செய்தி பிடிபட்டுவிடும். கசெற் விளையாட்டு பொறுக்காது. அழுத்தம் ஒரு கணம் விழுந்தால் கருவி அணைந்து முதல் திரைக்குப் போய்விடும். கேம் பாய் டெட்ரிஸ் கசெற்றுக்குள் சேமிப்புப் பற்றரி இல்லாததால் எடுத்த புள்ளியும் அதோடு அழிந்துவிடும். அத்துடன் ஒருவர் விளையாட இன்னொருவர் பெடல் சுற்ற வேண்டும். செய்திக்காகச் சுற்ற ஆள் இருந்தது. கட்டை அடுக்குவதற்குச் சுற்றும்படி யாரைக் கேட்பது?

தொலைக்காட்சியோடு இணைக்கும் கருவிகளின் நிலை இன்னும் கடினம். கருவிக்குத் தேவைப்படும் மின்சாரம் சொற்பம், தொலைக்காட்சிக்குத்தான் அதிகம். 12 வோல்ட்டில் இயங்கும் சிறிய கறுப்பு வெள்ளைப் பெட்டிகளை வாகனப் பற்றரியில் ஓட்டும் வழக்கம் மின்சாரம் எட்டாத இலங்கைக் கிராமங்களில் பரவலாக இருந்தது. வடக்கில் திரை என்பது பெரும்பாலும் வாடகைச் சரக்கு. தொலைக்காட்சி, வீடியோ டெக், ஜெனரேற்றர் மூன்றையும் ஓரிரவுக்கு வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் வைத்து, படக்கொப்பிகளை விடியவிடிய ஓடவிடுவார்கள். எரிபொருளுக்குக் கொடுத்த காசுக்கு ஊரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒருவரோ இருவரோ ஆட மற்றவர்கள் வேடிக்கை பார்க்கும் விளையாட்டுக்கு அந்த இரவில் இடமில்லை. தாயமும் நாயும் புலியும் போன்ற ஆட்டங்களுக்கு நிலத்தில் கோடு கீறினால் போதும், புளியங்கொட்டையும் கல்லும் காய்களாகிவிடும். அவை வன்னியில் நின்று நிலைத்ததற்கு மரபுப்பற்றை மட்டும் காரணம் சொல்வது அரைகுறை விளக்கம்.

தடைக்கோட்டுக்கு இப்பால் வவுனியா நகரம் இருந்தது. அரசின் கட்டுப்பாட்டில் இருந்ததால் மின்சாரமும் கொழும்புச் சரக்கும் வந்தன. தாண்டிக்குளம் வரை போகும் பொருள் அதற்கு அப்பால் போகாது. வன்னியிலிருந்து வந்தவர்கள் நகரில் தங்குவதற்கே பாஸ் வேண்டியிருந்தது. இலங்கைக் கடைகளில் அக்காலத்தில் 'ரிவி கேம்' என்று விற்ற கருவிகள் நின்டெண்டோவின் உண்மைப் பொருட்கள் அல்ல. தாய்வானிலும் சீனாவிலும் ஃபேமிகொமைப் பார்த்துச் செய்யப்பட்ட நகல்கள் அவை. ரஷ்யாவில் டெண்டி என்றும், போலந்தில் பெகாசஸ் என்றும், இந்தியாவில் லிற்றில் மாஸ்ரர் என்றும் விற்றவை இதே குடும்பம். உண்மை ஃபேமிகொம் கசெற்றில் 60 முனைகள், அமெரிக்கக் கருவியில் 72. நகல்கள் பெரும்பாலும் 60 முனையைப் பின்பற்றின.

அவற்றோடு வந்த கசெற்றின் மேல்தாளில் 9999999 விளையாட்டுகள் உள்ளே இருப்பதாக அச்சிட்டிருக்கும். நம் எண்முறையில் ஒரு கோடிக்கு ஒன்று குறைவு. போட்டுப் பார்த்தால் பத்துக்குள் அடங்கும் வேறுவேறு விளையாட்டுகளே திரும்பத் திரும்ப, தொடங்கும் கட்டத்தை மட்டும் மாற்றி, வேறு பெயரில் வரும். அந்தப் பத்தில் பழைய புதிர் விளையாட்டுகள் சில உறுதியாக இருக்கும். ஹட்சன் நிறுவனம் 1984இலும் 1985இலும் வெளியிட்ட லோட் ரன்னர், நட்ஸ் அண்ட் மில்க், பைனரி லாண்ட் ஆகியவை அவற்றில் சில. இரண்டு பென்குவின்களைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிரெதிர்த் திசையில் ஒரே நேரத்தில் நடத்துவது பைனரி லாண்ட். இவற்றின் உருவளவு சிறிதாக இருந்ததே நகல்காரர்கள் இவற்றைத் தேர்ந்ததற்குக் காரணம்; ஒரே சிப்புக்குள் பலவற்றைத் திணிக்கலாம். மணிகளை அடுக்கும் மாஜிக் ஜூவல்றி என்ற தாய்வான் விளையாட்டு எந்த உரிமமும் இல்லாமலே 1990இல் பிறந்து இந்தக் கசெற்றுகளின் வழியாகவே உலகம் சுற்றியது. டெட்ரிசும் இருந்தது. நகல் கசெற்றுகளில் அடிக்கடி காணப்படும் பதிப்பு, அமெரிக்க நீதிமன்றம் விற்கக்கூடாது என்று தடுத்த டென்ஜென் டெட்ரிஸ். கலிபோர்னியாவில் கடையை விட்டு எடுக்கப்பட்ட விளையாட்டு ஆசியச் சந்தைகளில் பெயர் தெரியாமல் வாழ்ந்தது.

கசெற் கூடத் தேவையில்லாத ஒரு வகையும் உண்டு. 'பிரிக் கேம்' என்ற பெயரில் தொண்ணூறுகளில் சீனாவிலிருந்து வந்த கையடக்கப் பொறியில் சதுரச் சதுரமாகப் பிரிந்த சாம்பல் திரையும் இரண்டு பற்றரியும் இருக்கும். டெட்ரிசின் நகல் உள்ளேயே பதிந்திருக்கும். மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடுவதால் பற்றரி நெடுநாள் நிற்கும். விலையும் குறைவு. வன்னி போன்ற நிலத்துக்குப் பொருந்திய புதிர் விளையாட்டு என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் சேகரிப்பாளர்கள் நெடுங்காலம் இதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தாகி ஏ9 வீதி திறந்தபோது கிளிநொச்சிக்குச் சரக்கு பெருகி வந்தது. 1996 செப்ரெம்பரில் இராணுவத்திடமும் 1998 செப்ரெம்பரில் மீண்டும் புலிகளிடமும் போன நகரம் அது. கூரையுள்ள கட்டடங்கள் குறைவு. கூரை ஏறி, கடை திறந்து, ஜெனரேற்றரில் கணினிகள் ஓடத் தொடங்கிய நேரத்தில் கசெற் வெளியுலகில் வழக்கொழியத் தொடங்கியிருந்தது. வன்னிக்குள் வந்தவை இறுவட்டும் கணினியும். கசெற் யுகத்தை இந்த நிலம் ஏறத்தாழ முழுவதுமாகத் தாண்டி வந்துவிட்டது.

தாண்டி வந்ததன் விளைவு சேகரிப்பில் தெரிகிறது. பழைய கசெற்றுக்கு விலை சொல்பவர்கள் மூன்று நிலைகளைப் பிரிக்கிறார்கள்: கசெற் மட்டும், பெட்டியும் கையேடும் சேர்ந்தது, உறை பிரிக்காதது. ஒரு நிலைக்கும் அடுத்ததற்கும் இடையில் விலை பல மடங்காகும். 2018 அளவில் அமெரிக்காவில் வாட்டா என்ற நிறுவனம் கசெற்றுகளைக் கண்ணாடிபோன்ற பெட்டியில் அடைத்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடத் தொடங்கியதும், உறை பிரிக்காதவற்றின் விலை எகிறியது. 2021 ஜூலையில் உறை பிரிக்காத சூப்பர் மாரியோ 64 கசெற் ஒன்று ஹெரிட்டேஜ் ஏலத்தில் 15 இலட்சத்து 60 ஆயிரம் டொலருக்குப் போனது. அந்தக் காசு பிளாஸ்டிக்குக்கோ சிப்புக்கோ கொடுக்கப்பட்டதல்ல. ஒரு அட்டைப்பெட்டி 25 ஆண்டுகள் ஒரே வீட்டின் அலுமாரியில் மழை படாமல், கறையான் அரிக்காமல், யாரும் அவசரமாகத் தூக்கி ஓடாமல் கிடந்ததற்குக் கொடுக்கப்பட்டது.

வன்னியில் அப்படி ஓர் அலுமாரி கிடையாது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வழித்துச் சென்றது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் ஏ9 மூடப்பட்டது. 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சியும் அதே மாத இறுதியில் முல்லைத்தீவும் வீழ்ந்தன. மே மாதம் போர் முடிந்தபோது மூன்று இலட்சத்துக்குச் சற்றுக் குறைந்த மக்கள் செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களில் இருந்தார்கள். கடைசி முகாம் மூடப்பட்டது 2012 செப்ரெம்பரில். ஒவ்வொரு பெயர்விலும் பத்திரங்களும் அடையாள அட்டைகளும் நகையும் கையில் போயின. சில பொருட்கள் பொலித்தீனில் சுற்றி மண்ணில் புதைக்கப்பட்டன. மண்ணுக்குள் கசெற்றின் அட்டைப்பெட்டி ஒரு மாரியைக்கூடத் தாங்காது. மேல்தாள் உரியும். பொன்முலாம் இல்லாத மலிவான நகல் கசெற்றின் முனைகள் பச்சைக் களிம்பு பிடிக்கும். சிப்பில் பதிந்த விளையாட்டுக்கு மட்டும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. முனைகளை மென்மையான அழிறப்பரால் தேய்த்து ஐசோப்ரொப்பில் மதுசாரத்தால் துடைத்தால் முப்பது ஆண்டுக்குப் பின்னும் ஓடக்கூடும். ஆனால் விளையாட்டு ஓடுகிறது என்பதற்கு ஏலத்தில் மதிப்பெண் மிகக் குறைவு.

மின்சாரமும் யாழ்தேவி ரயிலும் திரும்பி வந்துவிட்ட இன்றைய கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ பழைய கசெற் ஒன்று கையில் அகப்பட்டால் அதன் தரத்தை அறிய வழி உண்டு. உண்மையான கேம் பாய் கசெற்றைச் சாதாரண திருகாணிச் சாவியால் திறக்க முடியாது. அதற்கென்று தனி வாய் கொண்ட 3.8 மில்லிமீற்றர் சாவி வேண்டும். பலகையில் நின்டெண்டோவின் பெயர் அச்சாகியிருக்கும், சிப் பெரும்பாலும் தன் கால்களோடு பலகையில் உட்கார்ந்திருக்கும். கேம் பாய் கசெற்றின் மேல்தாளைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் எண்கள் உள்ளழுத்திப் பதிந்திருப்பது தெரியும். நகலைத் திறந்தால் சிப் இருக்க வேண்டிய இடத்தில் பெரும்பாலும் கறுப்புப் பிசின் சொட்டு ஒன்றுதான் உறைந்திருக்கும். கேம் பாய் டெட்ரிசில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஜப்பானில் வந்த முதற்பதிப்பில் முதல் இசை வேறு. எல்லோரும் அறிந்த ரஷ்ய நாட்டுப்புற மெட்டு அடுத்த பதிப்பில்தான் சேர்ந்தது. மூன்றரைக் கோடிக்குள் தேடத் தகுந்தது அந்த முதற்பதிப்பு.

டொலர் கணக்கில் நிலையாக நிற்கும் விலை இலங்கை ரூபாவில் நிற்பதில்லை. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபா. மே மாதத்தில் 360. பத்து டொலர்ப் பெறுமதியான டெட்ரிஸ் கசெற் ஏறத்தாழ இரண்டு மாதத்தில் 2,000 ரூபாவிலிருந்து 3,600 ரூபாவானது. கசெற்றில் ஒரு மாற்றமும் இல்லை. நகல் கசெற்றுக்கு அந்தச் சிக்கலும் கிடையாது. பிசின் சொட்டோடு கூடிய பலகையைப் பழைய சாமான் வாங்குகிறவர் மற்ற உடைந்த மின்பொருட்களோடு சேர்த்துத் தராசில் போட்டு நிறுத்தே எடுக்கிறார்.